குஞ்சுக்கு நல்ல கிருமி கொடுத்தால், உள்ளே இருக்கிற கிருமிகள் என்ன ஆகும்?

உசிலம்பட்டிப் பக்கம் நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளுக்கு முதல் நாளிலிருந்தே புரோபயாட்டிக் என்கிற நல்ல கிருமிப் பொடி கலக்கச் சொல்கிறார் மருந்துக்கடைக்காரர். அதெல்லாம் எதற்கு, கொஞ்சம் தயிர் போதும் என்கிறார் வீட்டில் அம்மா. நல்ல கிருமி உள்ளே போனால் கெட்ட கிருமி வராது என்பது உண்மையா? குடலில் ஏற்கெனவே இருப்பவை என்ன ஆகும்? கோழிக்கு அதனால் ஏதும் நஷ்டம் உண்டா?

முப்பது வருடம் மேலூர், செல்லம்பட்டி, உசிலம்பட்டி என்று கால்நடை மருத்துவராகச் சுற்றியவன் நான். இந்தக் கேள்விக்குக் கோழியிலிருந்து தொடங்கினால் பாதிதான் புரியும். அதனால் முதலில் ஒரு மாட்டுக் கதை.

மாட்டுப் பொங்கல் ராத்திரி. பாலமேட்டில் ஜல்லிக்கட்டு முடிந்து வாடிவாசல் தூசி அடங்கியிருக்கும். அப்போதுதான் எனக்கு போன் வர ஆரம்பிக்கும். "டாக்டர், மாடு அசை போடல, வயிறு உப்பியிருக்கு, படுத்தது எந்திரிக்கல." என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் எதிர்முனையில் கொஞ்சம் அமைதி. அப்புறம் மெதுவாக வரும்: "பொங்கல்தான்... ஆசையா சாப்பிட்டுச்சு." ஒரு பானைப் பொங்கல். வருடம் முழுக்க வைக்கோலும் புல்லும் தின்ற மாட்டுக்கு, ஒரே வேளையில் அத்தனை அரிசியும் வெல்லமும்.

ரூமன் என்கிற முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வைக்கோலைச் செரிப்பது மாடு அல்ல, அவைதான். அங்கே திடீரென்று மாவுச்சத்து கொட்டினால், அதை வேகமாகத் தின்னும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியா பெருகி லாக்டிக் அமிலத்தைக் கக்குகிறது. புளிப்பு ஏற ஏற, நார்ச்சத்தைச் செரிக்கும் பாக்டீரியாக்களும் புரோட்டோசோவாக்களும் சாகின்றன. அந்தப் புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் மீதி இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. உடம்பின் நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு, அமிலம் ரத்தத்தில் ஏறி, கவனிக்காவிட்டால் ஓரிரு நாளிலேயே மாடு போய்விடும்.

லாக்டோபேசில்லஸ் யார் தெரியுமா? உங்கள் அம்மா சொல்லும் தயிரில் இருக்கும் குடும்பம்தான். கடைக்காரர் தரும் பொடியிலும் அநேகமாக அதுவே இருக்கும். கோழிக்குஞ்சின் வயிற்றில் காவல்காரன், பொங்கல் தின்ற மாட்டின் வயிற்றில் கொலைகாரன். பரம்பரையாக நல்ல கிருமி என்று ஒன்று கிடையாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் யாருக்கு நடுவே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிறது. உங்கள் மூன்று கேள்விக்கும் இதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

அந்த மாட்டுக்கு என்ன செய்வோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோடா உப்பு கரைத்து ஊற்றுவோம், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு பதில் தக்க உப்பு நீர் ஏற்றுவோம். தேறி வரும்போது நல்ல மாட்டின் ரூமன் நீரை வடிகட்டி உள்ளே விடுவது உண்டு. இறைச்சிக் கூடத்திலிருந்து சூடு ஆறாமல் பிளாஸ்கில் பிடித்துக்கொண்டு பைக்கில் போயிருக்கிறேன். அந்த பிளாஸ்க்கை அப்புறம் வீட்டில் யாரும் தொடவில்லை. அசை போடும் மாட்டின் வாயிலிருந்து உருண்டையைப் பிடுங்கி நோயாளி மாட்டுக்கு ஊட்டுவது பல நாடுகளில் பழைய வழக்கம். செய்தவர்களுக்கு பாக்டீரியா என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஒரு மாட்டின் குடியிருப்பை இன்னொரு மாட்டுக்குக் குடியேற்றினார்கள்.

சரி, கோழிக்கு வருவோம்.

1971இல் பின்லாந்தில் கறிக்கோழிகளிடம் சால்மொனெல்லா என்ற கெட்ட கிருமி பெரிதாகப் பரவியது. எஸ்கோ நுர்மி என்ற ஆய்வாளருக்கு ஒரு சந்தேகம். வளர்ந்த கோழிகள் இந்தக் கிருமியை எளிதில் சமாளிக்கின்றன. பொரித்த சில நாள் குஞ்சுகள்தான் மாட்டிக்கொள்கின்றன. ஏன்? ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்து, கரைத்து, ஒரு நாள் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு சால்மொனெல்லாவைக் கொடுத்தபோது பெரும்பாலான குஞ்சுகளிடம் அது ஒட்டவில்லை. 1973இல் ரன்டாலா என்பவரோடு சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார். கோழி வளர்ப்பில் இன்றைக்கு விற்கும் நல்ல கிருமிச் சரக்கு பலவற்றுக்கு மூலம் அந்தச் சிறு கட்டுரைதான்.

அடைக்கோழி பொரித்த குஞ்சுக்கு இது எதுவும் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? முட்டையை உடைத்து வெளியே வந்ததும் தாயின் இறகுக்குள் புகுந்து, அவள் கிளறிய மண்ணைக் கொத்தி, அவள் எச்சத்தையும் சேர்த்துக் கொத்தி, ஒரு நாளிலேயே ஊர்க் கிருமி எல்லாவற்றோடும் சம்பந்தம் வைத்துக்கொள்கிறது. இன்குபேட்டர் குஞ்சுக்குத் தாய் இல்லை. சுத்தமான தட்டு, சுத்தமான பெட்டி, காலியான குடல்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளை நினைத்துப் பாருங்கள். முந்தின ராத்திரியே வைகை மணலில் துண்டு விரித்து உட்கார்ந்த குடும்பத்தை விடியற்காலையில் வருகிறவன் அசைக்க முடியாது. மணல் காலியாக இருக்கும்போது எவன் முதலில் வருகிறானோ அவனுக்கே இடம். குஞ்சின் குடலும் அப்படித்தான். முதல் சில மணி நேரத்தில் சாது குடும்பங்கள் துண்டு விரித்துவிட்டால் சால்மொனெல்லா நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். சால்மொனெல்லா முந்திக்கொண்டால், அப்புறம் எத்தனை பொடி கலக்கினாலும் பொடி வெளியேதான் போகும்.

இடம் பிடிப்பது மட்டுமல்ல. முதலில் வந்தவை சாப்பாட்டைத் தின்று தீர்க்கின்றன. இரும்புச்சத்தை வலை போட்டு இழுத்து வைத்துக்கொள்கின்றன. இரும்பு இல்லாமல் கெட்ட கிருமி பெருக முடியாது. குருட்டுக்குடலில் அவை விடும் அமிலங்கள் சால்மொனெல்லாவுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்காரனை மட்டும் கொல்லும் சின்னச் சின்ன விஷப் புரதங்களைச் சுரப்பவையும் உண்டு. இது போக, கோழியின் சொந்த எதிர்ப்புச் சக்திக்குப் பாடம் நடத்துவதும் அவைதான். கிருமியே இல்லாமல் வளர்த்த விலங்கின் குடல் சுவர் பயிற்சி பெறாத போலீஸ் மாதிரி, உடுப்பு இருக்கும், வேலை தெரியாது.

மனிதக் குழந்தைக்கும் இதே கணக்குதான். ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பிறந்த சில நாட்களில், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற ஒரே வகையை, அது தின்ன ஒரு சர்க்கரையோடு சேர்த்து, ஒரு வாரம் மட்டும் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி ஏறுவதும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. அது காலி மணலில் விரித்த துண்டு. இதையே ஐம்பது வயதுக்காரருக்குக் கொடுத்து அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, குடியிருப்பவை என்ன ஆகும் என்பது. எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். விற்கிறவர்கள் யாரும் இதைப் பேசுவதில்லை.

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நிறைந்த குடலுக்குள் போகும் புதுக் கிருமி மாட்டுத்தாவணியில் இறங்கி அடுத்த பஸ் ஏறும் பயணி மாதிரி. இரண்டு நாள் தங்கும், கொஞ்சம் அமிலம் விடும், எச்சத்தோடு வெளியேறும். பொடியை நிறுத்தினால் தடயமே இருக்காது. அதனால்தான் தினமும் கலக்கச் சொல்கிறார்கள். கடைக்காரருக்கும் அதில் வருத்தமில்லை.

ஒரு புதுக் கிருமி நிரந்தரமாகத் தங்க வேண்டுமானால், வேறு யாரும் தொடாத ஒரு சாப்பாடு அதற்கு வேண்டும். இதற்கு நம் ஊர் வேலியிலேயே உதாரணம் இருக்கிறது. சவுண்டல், அதாவது சூபாபுல். ஆட்டுக்கு நல்ல தழை. ஆனால் அதில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. நிறையத் தின்றால் முடி கொட்டும். வயிற்றுக்குள் அது மாறி உருவாகும் பொருள் தைராய்டைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் இதைத் தின்ற மாடுகளும் ஆடுகளும் நோயில் விழுந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் ஹவாய்த் தீவு ஆடுகள் அதே தழையைத் தின்று ஜோராக இருப்பதைக் கவனித்தார். ஹவாய் ஆட்டின் ரூமன் நீரிலிருந்த பாக்டீரியாவை ஆஸ்திரேலிய ஆட்டுக்குக் கொடுத்ததும் நஞ்சு செல்லாக்காசாகிவிட்டது. ஒருமுறை கொடுத்தது மந்தைக்குள் தானாகவே பரவியது. பிற்பாடு அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டஸ் ஜோன்ஸி என்று வைத்தார்கள். மற்ற குடியிருப்பாளர்கள் அதை விரட்டவில்லை. அது தின்பதை அவர்கள் யாரும் தின்னாததால் யாருக்கும் போட்டி இல்லை. பக்கத்து வீட்டுச் சோற்றில் கை வைக்காதவனை யார் விரட்டுவார்கள்? நம் ஊரில் நாங்கள் சவுண்டல் தழையை மொத்தப் பசுந்தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட வேண்டாம் என்று சொல்வதும் இந்த மைமோசினுக்குப் பயந்துதான்.

அப்புறம், குடியிருப்பே காலியாகும் சமயம். 1950களிலேயே அமெரிக்காவில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிக்கு சால்மொனெல்லா தொற்ற ஒரு லட்சம் கிருமி வேண்டியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவான கிருமியே போதுமாக இருந்தது. மருந்து எலியின் உடம்பை எதுவும் செய்யவில்லை, குடியிருப்பவர்களைக் காலி செய்தது, அவ்வளவுதான்.

இதில் என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கன்றுக்குட்டியின் கழிச்சலுக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் கொடுத்தேன். நிற்கவில்லை. இன்னும் மூன்று நாள் நீட்டினேன். இன்னும் மோசம். அந்த வீட்டுப் பெரியவர்தான், "தம்பி, மருந்த நிறுத்திப்பிட்டு ஆத்தாகூட விட்டுப் பாரு" என்றார். நிறுத்தினோம், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் மட்டும் கொடுத்தோம், தாயோடு விட்டோம். நாலு நாளில் சாணம் கட்டியது. படித்த நான் நோயைப் பார்த்தேன், அவர் கன்றைப் பார்த்தார்.

காலியான பிறகு நல்ல கிருமியை ஊற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2018இல் இஸ்ரேலில் மனிதர்களிடம் செய்த ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. ஆன்டிபயாட்டிக் முடித்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். சிலருக்கு ஒன்றும் தரவில்லை. சிலருக்குப் பல வகை கலந்த புரோபயாட்டிக். சிலருக்கு, மருந்துக்கு முன்பே எடுத்து வைத்த அவர்களுடைய சொந்த மலத்தின் கிருமிகளையே திரும்பக் கொடுத்தார்கள். சொந்தக் கிருமி கிடைத்தவர்கள் சில நாட்களில் பழைய நிலைக்கு வந்தார்கள். ஒன்றும் வாங்காதவர்கள் சில வாரங்களில் தேறினார்கள். புரோபயாட்டிக் வாங்கியவர்கள்தான் கடைசி, மாதக்கணக்கில் இழுத்தது. வந்த விருந்தாளி கட்டிலில் படுத்துக்கொண்டான், வீட்டுக்காரன் திண்ணையில் நின்றான். அதற்காகப் புரோபயாட்டிக் கெட்டது என்று ஆகாது. காலியான வீட்டில் யார் முதலில் படுக்கிறார்கள் என்பதே இங்கேயும் கதை.

மூன்றாவது கேள்வி, சுமக்கிற பிராணிக்கு நஷ்டம் உண்டா? உண்டு. ஆனால் கோழியில் அதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பூச்சிகளில் கண்ணாடி மாதிரித் தெரிகிறது.

அவரை, தட்டாம்பயறு நட்டவர்களுக்கு அசுவினியைத் தெரியும். அதன் உடம்புக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்னும் சிறு குளவி ஒன்று உண்டு. பட்டாணி அசுவினிகள் சிலவற்றுக்குள் ஹாமில்டோனெல்லா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அதற்குள் ஒரு வைரஸ். அந்த வைரஸ் எடுத்துவரும் விஷம் குளவியின் புழுவைக் கொல்கிறது. பெட்டிக்குள் பெட்டி வைத்த மாதிரி மூன்று அடுக்குக் காவல். வைரஸ் தொலைந்தால் பாக்டீரியா இருந்தும் பயனில்லை. குளவி இருக்கும் கூண்டில் இந்த அசுவினிகள் பெருகின. குளவி இல்லாத கூண்டிலோ அவை குறைந்துகொண்டே போயின. காவல்காரனுக்குச் சம்பளம் உண்டு என்று அர்த்தம். திருடன் வராத ஊரில் அது வீண் செலவு. அவரை இனத்தைத் தின்னும் கறுப்பு அசுவினியில் இந்தச் சம்பளத்தைக் கணக்கே போட்டிருக்கிறார்கள், அந்த பாக்டீரியாவைச் சுமப்பவற்றுக்கு ஆயுள் குறைவு.

இன்னொரு விதமான நஷ்டம் தலைமுறை கடந்து வருவது. பழ ஈக்களுக்குள் இருக்கும் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா சில வைரஸ்களிலிருந்து ஈயைக் காக்கிறது. வொல்பாக்கியா இருக்கும் ஈக்கூட்டத்தையும் இல்லாத கூட்டத்தையும் தலைமுறை தலைமுறையாக வைரஸுக்குக் காட்டினார்கள். இல்லாத கூட்டத்தில் ஈயின் சொந்த எதிர்ப்பு மரபணு நன்றாகப் பரவியது. இருக்கும் கூட்டத்தில் அந்த அளவுக்குப் பரவவில்லை. வாடகைக் காவலாளி இருக்கும்போது வீட்டுக்காரன் எதற்குச் சிலம்பம் கற்கப் போகிறான்? ஒரு நாள் காவலாளி போய்விட்டால் பாடு திண்டாட்டம். இதே வொல்பாக்கியாவைத்தான் இப்போது டெங்கு கொசுவுக்குள் ஏற்றுகிறார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. நம் பக்கம் புதுச்சேரியில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் அந்தக் கொசுக்களை உருவாக்கி வைத்திருக்கிறது. அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

கெட்ட கிருமியும் சும்மா இருக்காது. மண்ணில் வாழும் ஒரு சின்ன உருளைப்புழு வகையில், அதற்கே லேசாகத் தொல்லை கொடுக்கும் என்டெரோகாக்கஸ் பாக்டீரியாவைக் குடிவைத்து, அதைவிட மோசமான ஸ்டாபிலோகாக்கஸைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டி வந்தார்கள். சில தலைமுறைகளிலேயே தொல்லைக்காரன் காவல்காரனாக மாறிவிட்டான். ஸ்டாபிலோகாக்கஸை எரிக்கும் பொருளை நிறையச் சுரக்க ஆரம்பித்தான். இன்னொரு சோதனையில் எதிராளி ஸ்டாபிலோகாக்கஸும் மாறினான், ஆனால் சாதுவாக. இரும்பை இழுக்க அவன் போடும் வலையை என்டெரோகாக்கஸ் திருடிக்கொண்டதால் வலை போடுவதையே குறைத்தான். அதோடு அவனுடைய வீரியமும் இறங்கியது. எப்போதும் இப்படி நமக்குச் சாதகமாகவே முடியும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் கொட்டகைக்கு வருகிறேன்.

அம்மா சொல்லும் தயிர் தப்பில்லை, ஆனால் பாலில் இருக்கும் சர்க்கரை கோழிக்குச் சரியாகச் செரிக்காது. அதிகம் கொடுத்தால் எச்சம் தண்ணீராகப் போகும், விரிப்பு ஈரமாகும், ஈரத்தில் ரத்தக் கழிச்சல் கிருமி கொண்டாடும். நன்றாகப் புளித்த மோரைத் தண்ணீராக்கி எப்போதாவது வைக்கலாம். அதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

பொடி வாங்குவதானால் பொரித்த அன்றே, முதல் தண்ணீரிலேயே போக வேண்டும். பத்தாம் நாள் ஞாபகம் வந்து கலக்குவது ஆறு நிரம்பிய பிறகு துண்டு விரிப்பது. டப்பாவின் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பேசில்லஸ் வகை என்றால் அது விதை மாதிரி உறங்கும், நம் சித்திரை வெயிலைத் தாங்கும், தீவனத்திலும் கலக்கலாம். லாக்டோபேசில்லஸ் என்றால் தகரக் கொட்டகை அலமாரியில் சில வாரம் வைத்தாலே நிறையச் செத்திருக்கும், குளிர்ந்த இடத்தில் வைத்த சரக்காகக் கேட்டு வாங்குங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் எந்தப் பொடியைக் கலக்கினாலும் காசைக் கரைப்பதுதான்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று நம் பக்கம் ஊருக்கு ஊர் நடக்கிறது. முதல் மூன்று நாள் பாதுகாப்புக்கு என்று ஆன்டிபயாட்டிக், நாலாம் நாள் புரோபயாட்டிக். துண்டு விரித்த குடும்பங்களையெல்லாம் விரட்டிவிட்டு, கூலிக்கு ஆள் கொண்டுவந்து உட்கார வைக்கிற வேலை. நோய் இல்லாத குஞ்சுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம். அந்தக் காசில் விரிப்பை மாற்றுங்கள்.

நுர்மி செய்ததைப் போல நம் பெரிய கோழியின் எச்சத்தைக் கரைத்துக் கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். நல்லதோடு ரத்தக் கழிச்சல், சால்மொனெல்லா எல்லாம் சேர்ந்து போகும். அவர் நோயில்லாத கோழியைச் சோதித்து எடுத்தார். உங்களிடம் நல்ல அடைக்கோழி இருந்தால், நோய் எதுவும் வராத கோழியாகப் பார்த்து, பொழுது சாய்ந்ததும் குஞ்சுகளை அதன் அடியில் தள்ளிவிடுங்கள். இருட்டில் எண்ணிப் பார்க்காது. பத்துப் பன்னிரண்டு குஞ்சு வரை தாங்கும். ஆயிரம் குஞ்சுக்கு இது நடக்காது என்பது எனக்கும் தெரியும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. போன மாதம் வெள்ளைக் கழிச்சலில் முப்பது குஞ்சு போனது, அதனால்தான் இந்தப் பொடி யோசனை என்று எழுதியிருந்தீர்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, கால் இழுத்துச் செத்திருந்தால் அது ராணிக்கெட், வைரஸ். அதை எந்தத் தயிரும் எந்தப் பொடியும் நிறுத்தாது. அடுத்த ஈட்டுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், குளிர்ப்பெட்டியில் ஐஸ் வைத்து எடுத்துப் போங்கள், காலையில் வெயில் ஏறுவதற்குள் போட்டு முடித்துவிடுங்கள்.